சிறப்புக் கல்வியில் எம்.எட்.: சேருவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

சேர்க்கை அறிவிப்பு வரும் மாதங்களில் எனக்குப் போன் ஓயாது. சிறப்புக் கல்வி பி.எட். மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்பதால், படித்து முடித்தவர்களும் அவர்களுடைய தோழிகளும் தோழிகளின் அக்காக்களும் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சார், எம்.எட். சேரலாமா?" ஆளுக்கேற்ப பதில் மாறும். அப்படி அடிக்கடி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தியாவுக்குள் படிக்க நினைப்பவர்களுக்காக எழுதியது.

சாதாரண எம்.எட்.டுக்கும் சிறப்புக் கல்வி எம்.எட்.டுக்கும் என்ன வித்தியாசம்?

அனுமதி தரும் அமைப்பே வேறு. பொதுவான பி.எட்., எம்.எட். படிப்புகளுக்கு தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், அதாவது என்.சி.டி.இ. சிறப்புக் கல்விக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில். நாங்கள் எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றே சொல்வோம். 1992இல் சட்டம் வந்து, 1993இல் சட்டபூர்வ அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது. பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பது வரை எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பட்டம் தருவது பல்கலைக்கழகம், ஆனால் ஆர்.சி.ஐ. அனுமதி இல்லாத சிறப்புக் கல்விப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தத் துறையில் வேலை செய்ய முடியாது.

படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர்.

யார் சேரலாம்?

ஆர்.சி.ஐ. அனுமதி பெற்ற சிறப்புக் கல்வி பி.எட்.டில் குறைந்தது 50 சதவீதம் வாங்கியவர்கள் நேராகச் சேரலாம். பொது பி.எட். முடித்து, கூடவே ஆர்.சி.ஐ. அங்கீகரித்த சிறப்புக் கல்வி டிப்ளமாவும் 50 சதவீதத்துடன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு பேரிடமும் ஆர்.சி.ஐ. பதிவு இருக்க வேண்டும்.

நான் கணிதத்தில் பொது பி.எட். முடித்தவள். டிப்ளமா இல்லை. எம்.எட்.டில் சேர முடியாதா?

முடியாது. முதலில் சிறப்புக் கல்வி டிப்ளமாவோ பி.எட்.டோ படித்தாக வேண்டும். "ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் வாங்கினால் போதும்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழை வைத்து எனக்கு ஆர்.சி.ஐ. பதிவு எண் கிடைக்குமா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் போனை வைத்துவிடலாம்.

பி.எட். பக்கத்தில் ஒரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் ஆர்.சி.ஐ. இரண்டாண்டு பி.எட்.டை விட்டு நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு நகர்வதாக அறிவித்தது. ஏற்கெனவே முறையாக முடித்தவர்களின் பட்டத்துக்கு இதனால் பாதிப்பு இல்லை. புதிதாக பி.எட். சேர நினைப்பவர்கள்தான், சேரும் ஆண்டில் எந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறது என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும்.

இந்தப் பதிவு எண் அவ்வளவு முக்கியமா? பட்டம் இருந்தால் போதாதா?

போதாது. ஆர்.சி.ஐ. வைத்திருக்கும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நீங்கள் சட்டப்படி சிறப்புக் கல்வியாளர். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஆர்.சி.ஐ. சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயிரம் ரூபாய் அபராதம் இன்றைக்கு யாரையும் பயமுறுத்தாது என்பது வேறு விஷயம். ஆனால் வேலைக்கான நேர்காணலில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு சி.ஆர்.இ. எனப்படும் தொடர்கல்விப் பயிலரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். பலர் நான்கரை வருடம் சும்மா இருந்துவிட்டு, கடைசி ஆறு மாதத்தில் ஊர் ஊராகப் பயிலரங்கு தேடி ஓடுகிறார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று போய்விட்டால் இந்த ஓட்டம் தேவையில்லை. எம்.எட். முடித்ததும் அதையும் கூடுதல் தகுதியாகப் பதிவில் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும், தானாக ஏறாது.

பி.எட். முடித்த கையோடு சேர்ந்துவிடலாமா, கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு வரலாமா?

வேலை பார்த்துவிட்டு வாருங்கள். குறைந்தது இரண்டு, மூன்று வருடம்.

விதி அப்படிச் சொல்லவில்லை, பி.எட். மார்க் ஷீட் வந்த மறுநாளே சேரலாம். ஆனால் எம்.எட். என்பது குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உங்களைத் தயார் செய்யும் படிப்பு இல்லை. அது பி.எட்.டிலேயே முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஆசிரியரை உருவாக்குவது, ஒரு பள்ளிக்கே பாடத்திட்டம் போடுவது, ஒரு பயிற்சி முறை உண்மையில் பலன் தருகிறதா என்று அளந்து பார்ப்பது: எம்.எட். இதற்கெல்லாம்தான். குழந்தை வகுப்பில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டபோது அருகில் இருந்து தடுத்தவருக்கு 'நடத்தை மேலாண்மை' என்ற பாடம் ஒரு விதமாகப் புரியும். அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கு வேறு விதமாகத்தான் புரியும். நேராக வந்தவர்கள் தேர்வில் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்கும்போதுதான் திணறுகிறார்கள், ஏனென்றால் அவர்களை உறுத்துகிற கேள்வி என்று ஒன்று இன்னும் பிறந்திருக்காது.

வீட்டுச் சூழ்நிலை காரணமாக இப்போது விட்டால் அப்புறம் படிக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு, குறிப்பாகக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் நான் இந்த அறிவுரையைச் சொல்வதில்லை. சேர்ந்துவிடுங்கள், சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய் உதவுங்கள்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் சிறப்புக் கல்விக்கும் தனிப் புலமே உண்டு. பெண்களுக்கு அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம். சென்னைப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, 2005இல் தொடங்கியது.

வெளி மாநிலம் போகத் தயார் என்றால் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு தேசிய நிறுவனம் உண்டு. அறிவுசார் குறைபாட்டுக்கு செகந்திராபாத், செவித்திறனுக்கு மும்பை, பார்வைத்திறனுக்கு டேராடூன். செகந்திராபாத் நிறுவனத்தைப் பழைய ஆட்கள் இன்னும் 'என்.ஐ.எம்.எச்.' என்றுதான் சொல்வார்கள். இப்போதைய பெயர் என்.ஐ.இ.பி.ஐ.டி. இந்த நிறுவனங்களில் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிடக் குறைவு. வளாகத்திலேயே குழந்தைகள் வந்துபோகிறார்கள், மதிப்பீட்டுக் கருவிகள் அலமாரியில் இருக்கின்றன, பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். இடங்கள் குறைவு என்பதால் போட்டி உண்டு.

எந்த இடமானாலும், நீங்கள் சேரும் ஆண்டில் எந்தப் பிரிவுக்கு எம்.எட். அனுமதி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. படிப்பு வாரியாக, குறைபாட்டு வாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தரப்படும். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. படிப்பு, பிரிவு, எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். 'புதுப்பித்தல் நிலுவையில்' என்று அலுவலகத்தில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரி நல்லதா என்று நேரில் போய் எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள். காலை பத்தரை மணிக்குப் போய், "இங்கே குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி இருந்தால் உத்தமம். "பக்கத்து ஊரில் ஒரு பள்ளியுடன் ஒப்பந்தம் இருக்கிறது" என்றால் அந்தப் பள்ளிக்கும் போய் வாருங்கள்; எம்.எட். மாணவர்கள் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்கள் என்று அங்கே இருக்கும் ஆயாம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் நூலகத்தில் போன ஆண்டு ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். எல்லாத் தலைப்பும் "விழிப்புணர்வு குறித்த ஓர் ஆய்வு" என்றே இருந்தால், அங்கே யாரும் குழந்தையின் பக்கம் போகவில்லை என்று பொருள்.

எந்தப் பிரிவை எடுப்பது? எதற்கு அதிகத் தேவை?

பொதுவாக பி.எட்.டில் எடுத்த பிரிவையே தொடர்கிறார்கள். அதுதான் இயல்பு. தேவையைப் பற்றிக் கேட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தபோது, 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. ஆட்டிசமும், படிப்பது, எழுதுவது, கணக்கு போன்றவற்றில் சிரமப்படும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. நகரத்துத் தனியார் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் இந்த இரண்டுக்கும்தான் ஆள் தேடுகின்றன.

அதற்காகச் செவித்திறன் பிரிவு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அங்கே வேலையின் தன்மை மாறியிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி, அதாவது உட்காதில் வைக்கும் கேட்கும் கருவி, பொருத்துகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தை பேசிவிடாது; கேட்கப் பழக்க வேண்டும், மாதக்கணக்கில், வீட்டாரையும் சேர்த்து. அந்த வேலை தெரிந்தவர்கள் மாவட்டங்களில் போதவில்லை. இன்னொரு பக்கம் சைகை மொழி வழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் வேண்டும்.

பார்வைத்திறன் பிரிவில் பிரெய்ல் தெரியாமல் பட்டம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது என்ன கணக்கோ.

இரண்டு வருடமும் என்னதான் படிப்போம்?

முதல் பாதியில் கல்வியியல், உளவியல், ஆய்வு முறையியல், புள்ளியியல் என்று பொதுப் பாடங்கள். பிறகு பாடத்திட்ட வடிவமைப்பு, உள்ளடக்கிய கல்வி, உங்கள் பிரிவுக்கான கண்டறிதலும் மதிப்பீடும், கற்பிக்கும் உத்திகள், துணைக் கருவிகள், வளர்ந்த பின் அவர்களுடைய வாழ்க்கை மற்றும் குடும்பம் குறித்த பாடம், ஆசிரியர் கல்வி. நிர்வாகம், கல்வித் தொழில்நுட்பம், ஆலோசனை ஆகியவற்றில் ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்கலாம். கூடவே செய்முறை, கடைசியில் ஆய்வேடு.

புள்ளியியலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் சமாளிக்கலாம். உண்மையில் கஷ்டமானது மதிப்பீடு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டில் அப்படி என்ன கஷ்டம்? செக்லிஸ்ட்டில் டிக் அடிப்பதுதானே?

அப்படி நினைத்துத்தான் வருகிறார்கள்.

சென்னையில் உருவான ஒரு கருவியையே எடுத்துக்கொள்வோம். எம்.டி.பி.எஸ்., அதாவது மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக எழுபதுகளில் இங்கே செய்யப்பட்டது. பெரிய உடலசைவு, சாப்பிடுவது, உடுத்துவது, பேச்சு, எண், பணம், வீட்டு வேலை என்று 18 பகுதிகள். பகுதிக்கு 20 வீதம் 360 கூற்றுகள். எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி வரிசை. குழந்தையால் செய்ய முடிகிறதா, முடியவில்லையா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். எதைச் செய்ய முடியவில்லையோ அதிலிருந்து அடுத்த இலக்கு தொடங்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. இப்போது "தானாகச் சாப்பிடுகிறானா?" என்று அம்மாவிடம் கேளுங்கள். "சாப்பிடுவான் சார்" என்பார். கேண்டீனில் உட்கார வைத்துப் பார்த்தால், அம்மா இட்லியைப் பிய்த்து வைத்திருப்பார். அவன் எடுத்து வாயில் போடுவான். பிய்ப்பது அம்மா, சட்னியில் தொடுவது அம்மா, வாயைத் துடைப்பதும் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. ஏழு வருடமாகத் தன் கை செய்கிற வேலை அவர் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். பார்த்துக் குறிக்கத் தெரிந்தவருக்கும் கேட்டுக் குறிப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

பிறகு அதை இலக்காக எழுத வேண்டும். "ரவி தானாகச் சாப்பிடக் கற்றுக்கொள்வான்" என்று எழுதினால் நான் அடித்துத் திருப்பிக் கொடுப்பேன். "தட்டில் முழு இட்லி வைத்தால், யாரும் கையைப் பிடிக்காமல், ஒரு வாய் அளவு பிய்த்துச் சட்னியில் தொட்டு உண்பான்; ஐந்து முறையில் நான்கு முறை, தொடர்ந்து மூன்று நாள்." இப்படி இருந்தால்தான் அடுத்த மாதம் வேறொரு ஆசிரியர் வந்தாலும் அவன் தேறினானா என்று சொல்ல முடியும். எம்.எட்.டில் இதை நீங்கள் செய்தால் மட்டும் போதாது, பி.எட். மாணவர் எழுதியதைத் திருத்தவும் தெரிய வேண்டும்.

ஆட்டிசத்துக்கான ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலும் படிப்பீர்கள்: 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 69 வந்த குழந்தையின் பெற்றோரிடம் என்ன பேசுவது என்பது எந்த அளவுகோலிலும் இல்லை. அது வகுப்பில் விவாதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆய்வேடு எப்படிச் செய்வது? நூறு குழந்தைகளுக்கு எங்கே போவேன்?

நூறு பேர் தேவையே இல்லை. சிறப்புக் கல்வியில் ஒரே மாதிரி நூறு குழந்தைகள் கிடைக்கவும் மாட்டார்கள். ஆறு குழந்தைகளை மூன்று மூன்றாகப் பிரித்து டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டு, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது' என்று எழுதும் ஆய்வேடுகள் எனக்கு அலுத்துவிட்டன.

ஒற்றை நபர் ஆய்வு வடிவம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று குழந்தைகள் போதும். பயிற்சி தொடங்கும் முன் சில நாட்கள் வெறுமனே அளந்து குறிக்க வேண்டும், அது அடிக்கோடு. பிறகு முதல் குழந்தைக்குப் பயிற்சி, மற்ற இருவருக்கும் அடிக்கோடு தொடரும். சில நாள் கழித்து இரண்டாமவருக்கு, அப்புறம் மூன்றாமவருக்கு. அளந்ததை வரைபடமாகப் போட்டுப் பார்க்கும்போது, பயிற்சி தொடங்கிய இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் கோடு மேலே ஏறுகிறது என்றால், பலன் தந்தது பயிற்சிதான், வயது கூடியது காரணமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். படம் பார்த்தாலே பெற்றோருக்கும் புரியும். சில கைடுகள் 'சாம்பிள் பத்தாது' என்பார்கள். மெதுவாக, மரியாதையாக, இந்த வடிவத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்காமல் எதையும் தொடங்கக் கூடாது. வீடியோ எடுப்பதென்றால் அதற்குத் தனியாக ஒப்புதல் வேண்டும்.

தமிழ் தொடர்பாக ஆய்வு செய்ய ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. கற்றல் குறைபாட்டைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளை வைத்து எழுதியது. 'b'யையும் 'd'யையும் கண்ணாடிபோல் மாற்றிப் போடுவது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் வேறு.

'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் ஒலியில் 'க்' முதலில், 'எ' பிறகு. 'கொ' எழுதினால் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படி என்று பழக்கப்பட்ட குழந்தை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடுகிறான். 'பகல்' என்பதில் 'க' ஒரு ஒலி, 'பக்கம்' என்பதில் இன்னொரு ஒலி. ல, ள, ழவும் ந, ன, ணவும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுமாற்றம்தான். எது சாதாரணத் தடுமாற்றம், எது குறைபாட்டின் அடையாளம் என்று வயது வாரியாகப் பிரித்துச் சொன்னாலே பள்ளிகளுக்குப் பெரிய உதவி.

சுவாரஸ்யமான விஷயம்: இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் இந்தக் கொம்புச் சிக்கலே கிடையாது. மெய் முதலில், உயிர் பிறகு என்று ஒலிக்கும் வரிசையிலேயே புள்ளிகள் வரும். பார்வையற்ற குழந்தைகளும் கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க யாராவது முன்வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

படித்து முடித்தால் என்ன வேலை? சம்பளம் கூடுமா?

நேராகச் சொல்கிறேன்: வகுப்பறையில் அதே வேலையைத் தொடர்ந்தால், எம்.எட். முடித்ததற்காகச் சம்பளம் பெரிதாக ஏறாது. பல தனியார் சிறப்புப் பள்ளிகளில் ஏறவே ஏறாது. வேலை மாறினால்தான் பலன்.

சிறப்புக் கல்வி டிப்ளமா, பி.எட். நடத்தும் கல்லூரிகளில் விரிவுரையாளராக இந்தப் பட்டம் வேண்டும், ஆர்.சி.ஐ. விதி அப்படி. சிறப்புப் பள்ளியில் தலைமைப் பொறுப்பு, பெரிய பள்ளிகளில் உள்ளடக்கிய கல்வி ஒருங்கிணைப்பாளர், தொண்டு நிறுவனங்களில் பயிற்சிப் பிரிவு ஆகியவை அடுத்து வருபவை. முனைவர் பட்டத்துக்கும் போகலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு எழுத நினைப்பவர்கள் கவனிக்க: அதில் சிறப்புக் கல்விக்குத் தனிப் பாடம் கிடையாது, கல்வியியல் பாடத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே முதல் செமஸ்டர் பொதுப் பாடங்களை 'நமக்கெதற்கு' என்று தள்ளிவிடாதீர்கள்.

அரசுப் பள்ளிகளில் நிரந்தரப் பணி வருமா? வட்டார வள மையத்தில் பல வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஒருவரே பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டும், முகாம் நடத்த வேண்டும், அடையாள அட்டைக்கு அலைய வேண்டும். இத்தனைக்கும் ஒப்பந்தப் பணிதான்.

சட்டப் பக்கம் நகர்வு இருக்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், சிறப்பு ஆசிரியர்களுக்கு மாணவர் விகிதம் நிர்ணயித்து நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022இல் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவர்களுக்கு ஒருவர். 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களைப் பணியிடங்களை அறிவிக்கும்படி மறுபடியும் உத்தரவிட்டது. இந்தப் பணிகளுக்கு அடிப்படைத் தகுதி பி.எட். அல்லது டிப்ளமாவும் ஆர்.சி.ஐ. பதிவும்தான், எம்.எட். இருந்தால்தான் கிடைக்கும் என்பதில்லை. ஆகவே நிரந்தரப் பணிக்காக மட்டும் எம்.எட். சேர நினைத்தால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பதில் போடுங்கள்.

மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்படும் 'விழுதுகள்' சேவை மையங்களின் அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

எம்.எட். முடித்துச் சொந்தமாக மையம் வைத்து, ஐ.க்யூ. பார்த்துச் சான்றிதழும் கொடுக்கலாமா?

மையம் வைக்கலாம். சான்றிதழ் கொடுக்க முடியாது. ஐ.க்யூ. சோதனை உளவியலாளரின் வேலை, மாற்றுத்திறனாளிச் சான்று அரசு மருத்துவக் குழுவின் வேலை. நீங்கள் எழுதும் கல்வி மதிப்பீட்டு அறிக்கை அவர்களுக்குத் துணையாகப் போகும், அதற்கு நல்ல மதிப்பும் உண்டு. பலகையில் 'ஸ்பீச் தெரபி' என்று எழுதிவிட்டு நீங்களே அதையும் செய்வது தவறு. அதற்கு வேறு படிப்பு, வேறு பதிவு. இன்று தெருவுக்கு ஒரு 'தெரபி சென்டர்' முளைத்திருக்கும் நிலையில், பெற்றோர் உங்கள் பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்படாதீர்கள். சுவரில் மாட்டியே வையுங்கள்.

என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்காகத்தான் பி.எட். படித்தேன். எம்.எட்.டும் படிக்கலாமா? எனக்கு வயது 41.

வயது ஒரு தடையே இல்லை. இந்தத் துறையின் சிறந்த ஆசிரியர்களில் பலர் உங்களைப் போன்ற அம்மாக்கள்தான். ஒன்றை மட்டும் யோசியுங்கள், அம்மா. இரண்டு வருடம் முழுநேரப் படிப்பு, பகலில் வீட்டில் இருக்க மாட்டீர்கள். மாலையில் அவனுடன் இருக்கும் நேரத்தில் அசைன்மெண்ட் எழுத வேண்டியிருக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சேருங்கள். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக மட்டும் என்றால் பி.எட். தாராளமாகப் போதும். அவனை வைத்தே ஆய்வேடு செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டில் ஒருவராவது அவனை அளக்காமல் இருக்கட்டும்.

நான் பார்வை மாற்றுத்திறனாளி. எனக்கு இடம் கிடைக்குமா?

தகுதி இருந்தால் கண்டிப்பாக. 2016 சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளவர்களுக்கு குறைந்தது 5 சதவீத இடங்கள் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. தேர்வெழுத உதவியாளரும் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே பாடக் குறிப்புகளைத் தட்டச்சு வடிவில் கேளுங்கள். ஸ்கேன் செய்த படங்களைத் திரைவாசிப்பான் சரியாகப் படிக்காது. சிறப்புக் கல்வி நடத்தும் இடத்திலேயே சாய்தளம் இல்லாமலும் குறிப்புகள் படமாகவும் இருப்பதைப் பார்த்தால் கோபம் வரும். எழுதிக் கொடுங்கள்; வாய்மொழியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

தபால் வழியில் படிக்கலாமா? எம்.ஏ. சிறப்புக் கல்வி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்.

விளம்பரத்தில் ஆர்.சி.ஐ. என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பட்டியலில் சரிபாருங்கள். இல்லையென்றால் அது அறிவுக்கு நல்லது, வேலைக்கு ஆகாது.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால்?

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. அங்கேயே வேலை பார்ப்பதென்றால் எந்த மாகாணம் என்று முடிவு செய்துவிட்டுப் பல்கலைக்கழகம் தேடுங்கள். இங்கே திரும்பி வந்து வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தப் பட்டத்துக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற வேண்டும்.

விண்ணப்பிக்க என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியல்களும், பட்டச் சான்றுகள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, காலாவதியாகாத ஆர்.சி.ஐ. சான்றிதழ், வேலை பார்த்திருந்தால் அனுபவச் சான்று. வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இடப்பெயர்வுச் சான்றும் வாங்க வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகலாம், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்.சி.ஐ. பதிவில் உங்கள் பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் பட்டச் சான்றில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்களுக்குச் சேர்க்கை நாளன்று வரும் தலைவலி பெரும்பாலும் இதுதான். திருத்த வேண்டியிருந்தால் சேர்க்கைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.